காரணமாகவே

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தெரியாத எண்ணிலிருந்து போன். "சார், நான் தமிழ் வாத்தியார் மகன் பேசுறேன். அப்பா இப்ப எங்ககூட சென்னையிலதான் இருக்கார். ஊர்ல வீட்டை வாடகைக்கு விடப் போறோம், புதன்கிழமை பெயிண்டர் வர்றாங்க. அடிக்கிறதுக்கு முன்னாடி இன்ஜினியர் தம்பி ஒருதடவை வந்து சுவரைப் பாத்துட்டுப் போகட்டும்னு அப்பா சொல்றார்." எந்தச் சுவர் என்று நான் கேட்கவில்லை. தெற்குச் சுவர். ஜன்னலின் கிழக்குப் பக்க மேல்மூலையில் கிளம்பி, கிழக்கு நோக்கிச் சாய்ந்தபடியே கூரைவரை ஏறும் விரிசல். கண்ணை மூடிக்கொண்டு இப்போதும் அதை வரைந்துவிடுவேன். அந்தச் சுவரைப் பற்றி நான் இரண்டு அறிக்கை எழுதியிருக்கிறேன். இரண்டாவதை எழுதிய பிறகு வாத்தியார் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். ஒன்பது வருடம் ஆகப்போகிறது.

எனக்குப் பிழைப்பு வீடுகளுக்கும் சின்னக் கட்டடங்களுக்கும் கம்பிக் கணக்குப் போடுவது. இடையிடையே விரிசல் பஞ்சாயத்தும் வரும். வீட்டுக்காரருக்கும் கான்ட்ராக்டருக்கும், பக்கத்து மனைக்காரர்கள் இருவருக்கும், சில நேரம் அண்ணன் தம்பிக்கே. 'தடயவியல் பொறியியல்' என்று சொன்னால் ஏதோ கண்ணாடிக் குடுவையும் வெள்ளைக் கோட்டும் நினைவுக்கு வரும். நிஜத்தில் ஏணி, டேப், ரசமட்டம், தூக்குக்குண்டு, டார்ச் லைட், அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவதைக் கேட்டுக்கொண்டே வேறெங்கோ பார்க்கும் பழக்கம். இந்தக் கடைசிச் சாமான்தான் எனக்கு அப்போது இல்லாமல் போனது.

நாலு பக்கமும் ஒரு ஏகாரமும்

2016 சித்திரை. கோவில்பட்டிப் பக்கம் கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த வெயில். வாத்தியார் வீட்டுக்குக் கிழக்கே இருந்த காலி மனையில் ஒருவர் வீடு கட்ட ஆரம்பித்திருந்தார். முதல் வேலையாகத் தண்ணீர்த் தொட்டிக்கு எட்டடி ஆழத்தில் பள்ளம். செங்குத்தாக வெட்டி, சரிவும் விடாமல், பலகை முட்டும் கொடுக்காமல் அப்படியே போட்டிருந்தார்கள். பள்ளத்தின் விளிம்பு வாத்தியார் வீட்டுக் கிழக்குச் சுவரிலிருந்து மூன்றடி. வாத்தியார் வீட்டுக் கடைக்கால் நாலடி ஆழம். படித்தவன் எவனும் முதலில் போடும் கணக்கு ஒன்று உண்டு. கடைக்காலின் அடியிலிருந்து 45 பாகையில் கீழ்நோக்கி ஒரு கோடு இழு. பள்ளம் அந்தக் கோட்டை வெட்டினால், கடைக்காலைத் தாங்கும் மண்ணில் கை வைத்துவிட்டாய் என்று அர்த்தம். கடைக்காலுக்குக் கீழே நாலடி போகிறது, தள்ளி இருப்பதோ மூன்றடிதான். கோட்டை வெட்டுகிறது. உள்ளே போனால் தென்கிழக்கு மூலை அறையில் சாய்வான விரிசல். மேலே 3 மில்லிமீட்டர், கீழே வரவர மயிரிழை. மூலை கீழிறங்கினால் விரிசல் இப்படித்தான் மேலே வாய் பிளக்கும். எல்லாம் பொருந்தியது.

"வானம் தோண்டுன மூணாம் நாளு வந்துச்சு தம்பி. அதுக்கு முந்தி இந்தச் சுவத்துல ஒரு கீறல் கிடையாது" என்றார் வாத்தியார். முப்பது வருடம் அரசுப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். பொய் சொல்கிற முகம் இல்லை. அவர் சொன்னது பொய்யில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன், அதற்கு அப்புறம் வருகிறேன். மோர் கொடுத்தார்கள். இருபது நிமிடத்தில் என் மனது முடிவு செய்துவிட்டது. அடுத்த ஒரு மணி நேரம் அளந்ததெல்லாம் அந்த முடிவுக்கு அலங்காரம்.

முன்சீப் கோர்ட் வழக்கு என்பதாலும் வாத்தியார் ஆசைப்பட்டதாலும் அறிக்கையைத் தமிழிலேயே எழுதினேன். நாலு பக்கம். கடைசிப் பத்தியில், "கிழக்குப் பக்க மனையில் உரிய பாதுகாப்பின்றித் தோண்டப்பட்ட பள்ளம் காரணமாகவே மேற்படி விரிசல் ஏற்பட்டுள்ளது" என்று முடித்திருந்தேன். வாத்தியார் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் படித்தார். அந்த வரி வந்ததும் நிறுத்தி, பழைய வகுப்பறைச் சிரிப்போடு கேட்டார்: "காரணமாகவே. இது தேற்ற ஏகாரமா, பிரிநிலை ஏகாரமா?" எனக்குப் பள்ளிக்கூடத்தோடு மறந்துபோன இலக்கணம். விழித்தேன். அவரே சொன்னார். உறுதியாகச் சொன்னால் தேற்றம். மற்றதையெல்லாம் விலக்கி இது ஒன்றை மட்டும் பிரித்தெடுத்தால் பிரிநிலை. "ரெண்டாவும் வச்சுக்கலாம். இந்த ஏகாரம் ஒண்ணு போதும் தம்பி, கேஸ் நின்னுரும்" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பெரிய வண்டி, சின்ன வண்டி

கட்டடத்தில் மட்டும் இது நடப்பதில்லை. இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு விபத்து விசாரணை செய்து கொடுக்கும் நண்பன் ஒருவன் மதுரையில் இருக்கிறான். நம் ஊர்ச் சாலையில் இரண்டு வண்டி மோதினால், புகை அடங்குவதற்குள் தீர்ப்பு வந்துவிடும்: பெரிய வண்டிமேல்தான் தப்பு. லாரியும் காரும் மோதினால் லாரி, காரும் பைக்கும் மோதினால் கார், பைக்கும் சைக்கிளும் என்றால் பைக். கூடியிருப்பவர்களில் பாதிப் பேர் சத்தம் கேட்டு அப்புறம் ஓடி வந்தவர்கள். ஆனால் சாட்சி சொல்லும்போது எல்லோருமே மோதலைக் கண்ணால் பார்த்தவர்கள். பிறகு பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்து, விபத்துக்கு இயந்திரக் கோளாறு காரணமில்லை என்று சான்று கொடுப்பார். போலீஸ் சம்பவ இடத்தில் பார்த்ததைக் குறித்துப் பார்வை மகஜர் போட்டு, ஒரு ரஃப் ஸ்கெட்ச் வரையும். முக்கால்வாசி வழக்கில் கோர்ட்டுக்குப் போவது இவ்வளவுதான்.

அவன் ஒருமுறை டயர்த் தேய்ப்புத் தடத்தை வைத்துப் போட்டுக் காட்டிய கணக்கு எனக்கு மறக்காது. சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி 20 மீட்டர் தேய்த்து நின்றிருக்கிறது. காய்ந்த தார் ரோடு என்றால் உராய்வுக் கெழு, அதாவது டயரை ரோடு பிடிக்கும் அளவு, ஏறக்குறைய 0.7. கணக்குப் போட்டால் பிரேக் பிடித்தபோது வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர். அதே 20 மீட்டர், அதே வண்டி, ஆனால் மழை பெய்து ரோடு நனைந்திருந்தால் கெழு 0.4 அளவுக்கு இறங்கிவிடும். வேகம் 45. "ஒருத்தன் அதிவேகமா வந்தானா, ஒழுங்கா வந்தானாங்கிறது ரோடு ஈரமாங்கிற ஒரு வார்த்தையில இருக்கு. அந்த வார்த்தை மகஜர்ல இல்ல" என்றான். இப்போது அந்தத் தடமும் அருகிக்கொண்டு வருகிறது. 2019 ஏப்ரலிலிருந்து விற்கும் புதுக் கார்களிலெல்லாம் ஏபிஎஸ் கட்டாயம். சக்கரம் பூட்டுவதில்லை, அதனால் பழையபடி கறுப்புக் கோடும் விழுவதில்லை.

இன்னொரு தடவை, இரவில் பைபாஸ் ஓரம் நின்ற லாரியின் பின்னால் பைக் மோதியிருக்கிறது. பின்விளக்கு எரிந்ததா இல்லையா என்பதுதான் வழக்கு. லாரி டிரைவர் எரிந்தது என்கிறார். இவனை அனுப்பியதும் லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனி. இவன் உடைந்த பின்விளக்கிலிருந்து பல்பைக் கழற்றி லென்ஸ் வைத்துப் பார்த்திருக்கிறான். பல்பு எரிந்துகொண்டிருக்கும்போது அடி விழுந்தால், சூட்டில் இளகிய இழை மிட்டாய்க் கம்பி மாதிரி இழுபட்டு நீண்டுவிடும். கண்ணாடியும் அப்போதே உடைந்திருந்தால் காற்றுப் பட்டு இழை கருகி, வெண்மஞ்சளாகப் பொடி படியும். அணைந்திருக்கும்போது அடி விழுந்தால் சுருள் சுருளாகவே இருக்கும். ஒடிந்தால் பளபளவென்று வெட்டினாற்போல் ஒடியும். அவன் பார்த்தது பளபளப்பு. அப்படியே எழுதிக் கொடுத்தான். அந்தக் கம்பெனியிலிருந்து அதற்கப்புறம் அவனுக்கு வேலை வரவில்லை. "காசு கொடுத்தவன் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொன்னேன். அவன் எதிர்பார்த்த பதில் அது இல்ல, அவ்வளவுதான்" என்பான். எல்இடி வந்த பிறகு இழையும் போயிற்று, அது வேறு கதை.

இவன் சொன்னதில் எனக்கு உறைத்தது பல்பு இல்லை. வேறொரு சந்தர்ப்பத்தில், கார்களில் பழைய ஒடுக்கைப் புது விபத்துக் கணக்கில் சேர்ப்பவர்களை எப்படிப் பிடிப்பாய் என்று கேட்டேன். "துரு இருக்கான்னு பாப்பேன். உள்ளே பட்டி இருக்கான்னு பாப்பேன். நேத்து அடிபட்ட தகரத்துல பட்டி எப்படிடா வரும்?" என்றான். சிரித்தேன். தகரத்துக்குச் சொன்னது சுவருக்கும் பொருந்தும் என்று தோன்றவில்லை.

மௌலிவாக்கம்

அந்த வருடங்களில் எங்கள் தொழிலில் இருந்த யாருக்கும் சென்னைப் பக்கத்து மௌலிவாக்கத்தைத் தாண்டி யோசிக்க முடியாது. 2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை, மழை. கட்டி முடியும் நிலையில் இருந்த 11 மாடி அடுக்கு அப்படியே உட்கார்ந்துவிட்டது. 61 பேர் செத்தார்கள், பெரும்பாலும் பிழைக்க வந்த கூலித் தொழிலாளர்கள். இடி விழுந்ததுதான் காரணமாக இருக்கும் என்று கட்டியவர்கள் தரப்பில் முதலில் சொல்லப்பட்டது. ஒரு காரணம் கையில் கிடைத்தால் எவ்வளவு வசதி பாருங்கள். இடி யார்மேலும் வழக்குப் போடாது, குறுக்கு விசாரணைக்கும் வராது.

ஆனால் பக்கத்திலேயே, அதே திட்டத்தின் இன்னொரு அடுக்கு நின்றுகொண்டிருந்தது. இடிபாட்டில் ஆளைத் தேடும்போது தடயமும் சேர்ந்து நொறுங்கும். உயிர்தான் முக்கியம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நின்ற அடுக்கின் தூண்களை நிதானமாக அளக்கலாம், கான்கிரீட்டைக் குடைந்து எடுத்துச் சோதிக்கலாம், வரைபடத்தோடு ஒப்பிடலாம். இவ்வளவு மாடியைத் தாங்கும் சக்தி அந்தத் தூண்களுக்கு உண்டா என்று பார்த்துவிட்டால் இடிக்கு வேலையில்லை. செத்தவரின் இரட்டைப் பிள்ளையைச் சோதித்த மாதிரி. அரசு நீதிபதி ரகுபதி தலைமையில் விசாரணை ஆணையம் வைத்தது. நின்ற அடுக்கும் ஆபத்தானது என்று முடிவாகி, கோர்ட்டுக்கெல்லாம் போய், 2016 நவம்பர் 2-ம் தேதி மாலையில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். சில நொடி. டிவியில் நேரலையாகப் பார்த்துக்கொண்டே, காரணத்தைத் தேடுவதென்றால் இப்படித் தேட வேண்டும் என்று என் மனைவியிடம் வியாக்கியானம் செய்தேன். அதே மாதக் கடைசியில்தான், நேரில் பார்த்து அறிக்கை கொடுக்கக் கோர்ட் அனுப்பிய வக்கீல் கமிஷனர் வாத்தியார் வீட்டுக்கு வந்தார்.

நீலம்

கமிஷனர் இளம் வக்கீல். கையில் ஃபைல், கூடவே போட்டோகிராபர். இரண்டு தரப்பு வக்கீல்கள், நான், எதிர்த்தரப்புக்காரர், அவர் வீடு கட்டும் கொத்தனார். கொத்தனாருக்கு அறுபது வயது இருக்கும். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார்கள், எதிர்த்தரப்புக்காரர் உட்பட. சிறிய அறையில் பத்துப் பேர். நான் விரிசலைக் காட்டி விளக்கினேன்: மேலே அகலம், கீழே குறுகல், மூலை இறக்கம், 45 பாகை. விரிசலின் இரண்டு முனையிலும் நான் ஏப்ரலில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதியிருந்தேன். நீளவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த வருடம் வடகிழக்குப் பருவமழை பொய்த்துப்போய்க் கார்த்திகையிலும் மண் சித்திரை மாதிரியே வெடித்துக் கிடந்தது என்பது எனக்குத் தெரியும். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடத்தான் தோன்றவில்லை.

அண்ணாச்சி அதுவரை வாயே திறக்கவில்லை. நான் முடித்ததும் கமிஷனரைப் பார்த்து, "ஐயா, கொஞ்சம் பூச்சைப் பேத்துப் பாக்கலாமா?" என்றார். இரண்டு வக்கீல்களும் ஏதோ பேசிக்கொண்டு சரி என்றார்கள். அவர் இடுப்புத் துண்டில் சொருகியிருந்த கரண்டியின் நுனியை விரிசலின் உதட்டில் வைத்து ஒரு நெம்பு நெம்பினார். நகத்தளவு பூச்சுச் சில்லு உள்ளங்கையில் விழுந்தது. அதைத் திருப்பி என்னிடம் நீட்டினார். "சார், உள்ளுக்குள்ள நீலம் தெரியுது பாருங்க."

அறையின் சுவர் சந்தன நிறம். சில்லின் உடைந்த பக்கத்தில், விரிசலின் உள்முகத்தில், வெளிர்நீலம் வழிந்து காய்ந்திருந்தது. டார்ச் அடித்து லென்ஸில் பார்த்தேன். அடியில் நீலம். அதன்மேல் வெள்ளையாகப் பட்டி. பட்டிக்கு மேலே சந்தனம் மெல்லிசாக. அதையும் பிளந்துகொண்டு புது உடைப்பு. நீலம் எப்போது அடித்தது என்று கமிஷனர் கேட்டார். வாத்தியாரின் மனைவி பின்னாலிருந்து யோசிக்காமல் சொன்னார்: "பொண்ணு கல்யாணத்துக்கு. 2009." சந்தனம்? "பேரன் காதுகுத்துக்கு. 2013." சொல்லிவிட்டு, ஏன் எல்லோரும் அமைதியாகிவிட்டார்கள் என்று சுற்றிப் பார்த்தார்.

ஆக, 2009-ல் நீலம் அடித்தபோதே அந்த விரிசல் வாய் பிளந்துதான் இருந்தது. பெயிண்ட் உள்ளே வழிந்திருக்கிறது. 2013-ல் பெயிண்டர் பட்டி பார்த்து மூடியிருக்கிறான், அது திரும்பவும் உடைந்திருக்கிறது. பள்ளம் தோண்டியது 2016. நேற்று அடிபட்ட தகரத்தில் பட்டி எப்படி வரும்?

காரணம் எங்கள் காலுக்கடியிலேயே இருந்தது. கரிசல் வெயிலில் சுருங்கும், மழையில் உப்பும். வீட்டுக்கு நடுவில் இருக்கும் மண் மூடிக் கிடப்பதால் அவ்வளவு காயாது. ஓரமும் மூலையும்தான் காயும். காய்ந்தால் மூலை இறங்கும். தென்கிழக்கு மூலைக்குப் பத்தடியில் வாத்தியாரின் வேப்பமரம் வேறு மிச்ச ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு நின்றது. பள்ளத்தால் மூலை இறங்கினாலும், மண் காய்ந்து மூலை இறங்கினாலும் சுவரில் விழும் கோடு ஒன்றுதான். இதற்காகத்தான் கரிசலுக்கென்றே அடியில் குமிழ் வைத்த பைல் அடித்தளத்தை ரூர்க்கி கட்டட ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியது. நானே எத்தனையோ வீட்டுக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். தெரியாத விஷயமில்லை. பள்ளம் கண்ணுக்கு முன்னால் இருந்ததால் மண்ணைப் பார்க்கவில்லை.

வாத்தியார் பொய் சொன்னாரா? இல்லை. அந்த விரிசலுக்குக் கீழேதான் ஏழு வருடம் படுத்து எழுந்திருக்கிறார். அது அவர் கண்ணில் படவில்லை. நம் வீட்டுச் சுவரை நாம் பார்ப்பதில்லை, அது இருக்கிறது, அவ்வளவுதான். பக்கத்தில் கடப்பாரைச் சத்தம் கேட்ட மூன்றாம் நாள் பயத்தோடு சுவர் சுவராகத் தடவிப் பார்த்திருக்கிறார், அன்றைக்கு விரிசல் தெரிந்திருக்கிறது. தெரிந்த நாளைப் பிறந்த நாள் என்று நம்பிவிட்டார். அதை மன்னித்துவிடலாம். அவருடைய கண்ணைக் கடன் வாங்கிப் பார்த்த என்னை எப்படி மன்னிப்பது?

இரண்டாவது அறிக்கை

அடுத்த வாரம் திருத்திய அறிக்கை எழுதினேன். முதல் அறிக்கையின் முடிவு தவறு, விரிசல் 2009-க்கு முந்தையது, கரிசல் மண்ணின் பருவகால அசைவால் ஏற்பட்டது, பள்ளம் இதற்குக் காரணமல்லவே அல்ல என்று. வாத்தியார் படித்துவிட்டு, இலக்கணம் எதுவும் கேட்காமல், "நான் பொய் சொன்னேன்னு எழுதிட்டீங்களே தம்பி" என்றார். நான் ஏதோ விளக்க ஆரம்பித்தேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். வழக்கு சமரசமாக முடிந்தது. பக்கத்து மனைக்காரர் சரிந்துபோன காம்பவுண்டுச் சுவரைக் கட்டிக் கொடுத்தார், நஷ்டஈடு என்று ஒன்றும் இல்லை. பாதுகாப்பில்லாமல் எட்டடி தோண்டியது தப்பு என்று நானும் சொல்லவில்லை, யாரும் சொல்லவில்லை. விரிசல் பள்ளத்தால் இல்லை என்றானதும் பள்ளமே புனிதமாகிவிட்டது.

வருடக்கணக்கில் நான் இந்தக் கதையை நேர்மைக்கு உதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்ஜினியரிங் காலேஜ் பையன்களிடம்கூட ஒருமுறை சொன்னேன். தன் தப்பைத் தானே திருத்தி எழுதியவன், காசு கொடுத்தவருக்கு எதிராக எழுதியவன் என்று. சொல்லும்போதெல்லாம் ஒரு சின்ன முள் குத்தும். கமிஷனர் வந்த அன்று, போட்டோ எடுக்க வசதியாகக் கட்டிலைக் கிழக்குச் சுவரிலிருந்து நகர்த்தினார்கள். அந்தச் சுவரின் அடியில், சிவப்பு ரெட் ஆக்சைடு தரைக்கும் சுவருக்கும் நடுவே, நூல் பிடித்த மாதிரி ஒரு பிளவு. 2 மில்லிமீட்டர். உள்ளே தூசி இல்லை, மெழுகு இல்லை, பெயிண்ட் இல்லை. சாம்பல் நிறத்தில் சுத்தமான உடைப்பு. போட்டோ எடுக்கச் சொன்னேன். ஆல்பத்தில் 17-ம் எண். இரண்டாவது அறிக்கையில் அதைப்பற்றி ஒரு வரி இல்லை. நீலம் கிடைத்துவிட்டதே, இனி எதற்கு?

கான்சாஸ் சிட்டி ஹயாட் ரீஜென்சி ஹோட்டலைப் பற்றி எங்கள் தொழிலில் எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். 1981 ஜூலை 17, நடன மாலை, கூடம் நிறையக் கூட்டம். கூரையிலிருந்து கம்பியில் தொங்கிய நடைபாலங்கள் இரண்டு, நாலாம் தளத்துடையதும் அதற்கு நேர் கீழே இரண்டாம் தளத்துடையதும், ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து 114 பேர் செத்தார்கள். முதல் வரைபடத்தில் கூரையிலிருந்து ஒரே நீளக் கம்பி இரண்டு பாலத்தையும் தாங்குவதாக இருந்தது. கட்டும்போது வசதிக்காக அதை இரண்டு கம்பியாக்கினார்கள்: கூரையிலிருந்து மேல் பாலத்துக்கு ஒன்று, மேல் பாலத்திலிருந்து கீழ் பாலத்துக்கு ஒன்று. ஒரு கயிற்றில் இரண்டு பேர் தனித்தனியாகத் தொங்குவதற்கும், ஒருவன் கயிற்றையும் இன்னொருவன் அவன் காலையும் பிடித்துத் தொங்குவதற்கும் உள்ள வித்தியாசம். கயிற்றுக்கு ஒன்றும் ஆகாது, மேலே இருப்பவனின் பிடிக்குத்தான் இரண்டு மடங்கு பாரம். உள்ளூர்ப் பத்திரிகை அமர்த்திய பொறியாளர் சில நாட்களிலேயே இதைக் கண்டுபிடித்துவிட்டார். காரணம் கிடைத்தாயிற்று, தெளிவாக, படம் போட்டுக் காட்டும்படி.

என்னை யோசிக்க வைத்தது அதற்கப்புறம் நடந்தது. அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனம் அத்தோடு நிற்கவில்லை. மாற்றாமல் விட்டிருந்தால் தாங்கியிருக்குமா என்றும் பார்த்தது. கட்டிய இணைப்பு, நகர விதி கேட்ட பாரத்தில் சுமார் 30 சதவீதம்தான் தாங்கும். சரி, அது எதிர்பார்த்தது. மாற்றாத முதல் வரைபடம்? அதுவும் 60 சதவீதம்தான். மாற்றியவன் தப்பு என்று ஊரே சொல்லிக்கொண்டிருக்கும்போது, மாற்றாததும் தப்பு என்று கண்டுபிடிப்பதற்கு, முதல் காரணம் கிடைத்த பிறகும் தேடிக்கொண்டே இருக்கும் ஒரு பிடிவாதம் வேண்டும். நான் பள்ளம் கிடைத்ததும் நிறுத்தினேன். அப்புறம் நீலம் கிடைத்ததும் நிறுத்தினேன். முதல் தடவை சோம்பல் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது தடவை, நான் எவ்வளவு நேர்மையானவன் என்று பார்த்துக்கொள்வதிலேயே நேரம் போய்விட்டது.

சுவர்

செவ்வாய்க்கிழமை போனேன். மகன் சாவி அனுப்பியிருந்தார். வேப்பமரம் இன்னும் நிற்கிறது, கிழக்கே மாடி வீடு வந்துவிட்டது. அறையில் கட்டில் இல்லை. ஜன்னலைத் திறந்ததும் வெளிச்சம் விழுந்து சுவர் தெரிந்தது.

விரிசலின் இரண்டு பக்கமும் பென்சில் எழுத்து. முதலில் என்னுடைய 2016 ஏப்ரல் தேதி. அதற்குக் கீழே, கரும்பலகையில் எழுதிப் பழகிய உருண்டைக் கையெழுத்தில், வரிசை வரிசையாக. முதல்முறை வந்தபோது வெவ்வேறு பருமனில் கோடு அச்சடித்த கண்ணாடி அட்டை ஒன்றை அவரிடம் கொடுத்து, விரிசல்மேல் வைத்து எந்தக் கோடு பொருந்துகிறது என்று பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். மறந்தே போயிருந்தேன். அவர் மறக்கவில்லை. சித்திரை, 3 மி.மீ. ஐப்பசி, 1½. கார்த்திகை 2021, மூடிவிட்டது. பங்குனி, 2. ஆனி, 3. மார்கழி 2023, தென்மாவட்டங்களே வெள்ளத்தில் மிதந்த அந்த வாரம்: மூடிவிட்டது, நகம்கூட நுழையவில்லை. வருடம் தவறாமல் வெயிலுக்குத் திறந்து மழைக்கு மூடியிருக்கிறது. கோர்ட் பத்து வருடம் காத்திருக்கும், ஆனால் எந்த இன்ஜினியருக்கும் ஒரு விரிசலை ஒரு வருடம் பார்க்க அவகாசம் தராது. இவர் ஒன்பது வருடம் பார்த்திருக்கிறார். என் இரண்டாவது அறிக்கையை எனக்கே நிரூபித்துக் காட்டியிருக்கிறார். பக்கத்தில் ஒரு வார்த்தை கூடுதலாக இல்லை.

அப்புறம்தான் கிழக்குச் சுவரின் அடியைப் பார்த்தேன். தரையை ஒட்டி, குனிந்து உட்கார்ந்தால்தான் தெரியும் உயரத்தில், அங்கேயும் அதே கையெழுத்து. அதே மாதங்கள். எழுபத்தைந்து வயதில் அந்த மனுஷன் எப்படிக் குனிந்து எழுதினாரோ. சித்திரை, 2. ஐப்பசி, 2. கார்த்திகை 2021, 2. ஆனி, 2. மார்கழி 2023, 2. மண் உப்பினாலும் சுருங்கினாலும் இந்தப் பிளவு அசையவில்லை. பள்ளம் இருந்த பக்கமாக ஒரே ஒரு தடவை நகர்ந்த சுவர், நகர்ந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

போட்டோ எடுத்துக்கொண்டிருக்கும்போது மகன் போன் செய்தார். "பாத்துட்டீங்களா சார்? பட்டி பாத்து அடிச்சிரச் சொல்லட்டுமா?" இரண்டு நாள் பொறுக்கச் சொன்னேன். கடைசி வரியை இன்னும் படித்து முடித்திருக்கவில்லை. எண்களுக்குக் கீழே, மற்றதைவிடக் கொஞ்சம் அழுத்தி, பென்சில் முனை ஒடிந்த தடத்தோடு எழுதியிருந்தார்:

"இது மட்டும் மூடவே இல்லை."